எந்திரிச்சு ஒரு சிரிப்பு

தூங்கிட்டீங்களா சார்? இல்ல, கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க, அதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. முன்னாடி டிவியில ஓடுதே, இந்தப் படம், இது என் படம். ஆமா சார், நான்தான் எடுத்தது. 'இரும்புச் சாட்சி'. 'எழுத்து இயக்கம் ஜெயவேல்'னு இவ்ளோ பெருசா வந்துச்சே, அப்ப நீங்க சீட்டுக்கு அடியில தண்ணி பாட்டிலைத் தேடிக்கிட்டு இருந்தீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாலாவது சண்டைக்கே உங்களுக்குக் கண்ணு சொருகிடுச்சு. பரவால்ல, பரவால்ல. உங்களைச் சொல்லி என்ன ஆவப்போவுது?

டைரக்டர் எதுக்கு பஸ்ல வர்றான்னு பாக்குறீங்க. கார் சர்வீசுக்கு விட்டிருக்கு. சரி, சர்வீசுக்கெல்லாம் இல்ல, வித்தாச்சு. உங்ககிட்ட என்ன மறைக்கிறது? நான் விராலிமலையில இறங்கிடுவேன், நீங்க மதுரைக்குப் போயிடுவீங்க, அதோட முடிஞ்சுது. தெரியாத மனுஷன்கிட்டதான் சார் உண்மையைப் பேச முடியும். சினிமாக்காரன்கிட்ட பேசினா சாயங்காலமே அது வேற எவனோட கதையாவோ ஆயிடும்.

அந்தத் தாடி வச்சவரைப் பாருங்க. கேரளாக்காரர். ரெண்டு தேசிய விருது. கண்ணாலயே ஆளைக் கொன்னு போட்டுடுவாரு, அப்பேர்ப்பட்ட நடிகர். அவருக்கு நான் என்ன குடுத்தேன்? கூலிங் கிளாஸ். படம் முடியுற வரைக்கும் கழட்ட விடல. "ஜெயவேல் சாரே, ஒரு சீன்லயாச்சும் கழட்டிக்கட்டுமா"ன்னு குழந்தை மாதிரி கெஞ்சுவாரு. வில்லன்னா கெத்து வேணும் சார். கண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

அப்புறம் பெங்கால்லேர்ந்து ஒரு அம்மாவைக் கூட்டியாந்தோம். மகனைப் பறிகொடுத்த தாய் வேஷம். தமிழ் ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்டவங்களை வசனத்துக்குப் பதிலா எண்ணச் சொல்லிடுவோம், உதடு அசைஞ்சாப் போதும், மிச்சத்தை டப்பிங்ல பாத்துக்கலாம். அந்தம்மா அவங்க பாஷையில ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுச்சு சார். வெறும் எண்ணுதான். இருபத்தஞ்சு தாண்டும்போது லைட்மேன் ஒருத்தன் தோள்ல கெடந்த துண்டால மூஞ்சியைப் பொத்திக்கிட்டான். நாப்பதுல முடிச்சுது. மூணரை நிமிஷம். எடிட்டிங்ல தூக்கி எறிஞ்சுட்டேன். அந்த இடத்துலதான் இப்ப பைக் சேஸ் வருது. பின்ன? ஜனங்க எந்திரிச்சு பாத்ரூம் போயிடுவான் சார்.

விமர்சனத்துல ஒருத்தன் என்ன எழுதினான் தெரியுமா? 'இத்தனை நல்ல நடிகர்களை ஒரே படத்தில் வீணடிக்கத் தனித் திறமை வேண்டும்.' மனப்பாடமாவே சொல்றேன் பாருங்க. அப்படி நெஞ்சுல தச்சுடுச்சு. நான் சொல்றேன், நடிக்கத் தெரிஞ்சவன் நாலு பேரை ஒரே படத்துல போட்டதுதான் என் தப்பு. ஒவ்வொருத்தனும் கேள்வி கேப்பான். "இந்த ஆளு ஏன் சார் இப்ப கோவப்படுறான்?" யோவ், கோவப்படுன்னா படேன்! அடுத்து சண்டை வருது, அதுக்காகக் கோவப்படு. பதினாலு சண்டை வச்சிருக்கேன், அதுல பதினொண்ணு ஸ்லோ மோஷன். அதைப் பத்தி ஒரு பய எழுதல.

எல்லாரையும்கூட மன்னிச்சிடுவேன். அந்தக் கிழவரைத்தான் என்னால மன்னிக்க முடியல.

திருவேங்கடம்னு பேரு. நாடக நடிகர். விராலிமலைப் பக்கம்தான் ஊரு. திருவிழா நாடகத்துல எமன் வேஷம் கட்டி நாப்பது வருஷம். ஆளு ஒல்லி, ஆனா குரல் சார், குரல்! மைக் இல்லாம கடைசி வரிசைக்குக் கேக்கும். படத்துல ஹீரோவோட அப்பா வேஷம், ரிட்டயர்டு ஏட்டு. வில்லன் சுட்டுடுவான். பொணத்துக்கு முன்னாடி ஹீரோ சபதம் போடுவான். ஆக கிழவருக்கு நாலு சீன். அதுல ஒண்ணு பொணம்.

அவரு சம்சாரம் லோகநாயகி. அந்தம்மாவைப் பத்தி அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. மேடையில இவரு செத்து விழுற வேஷம்னா அந்தம்மா பாக்காதாம். திரைக்குப் பின்னாடி ஒரு டிரங்குப் பெட்டி மேல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருக்குமாம். திரை விழுந்ததும் இவரு எந்திரிச்சு வேட்டியைத் தட்டிக்கிட்டு, "லோகா, எந்திரிச்சுட்டேன், கண்ணைத் திற"ம்பாராம். அப்பதான் திறக்குமாம். நாப்பது வருஷமா இதே கூத்து. "அவளுக்குப் பைத்தியம் தம்பி"ம்பாரு. ஆனா சொல்லும்போது மூஞ்சியில அப்படி ஒரு பெருமை இருக்கும்.

பொணம் சீன் எடுத்த அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கே படுக்க வச்சாச்சு. வாசல்ல பாடை. நெத்தியில ஒத்த ரூவா, மூக்குல பஞ்சு, தாடைக்கு ஒரு கட்டு, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்து ஒரு கட்டு. மாலை ஆறோ ஏழோ. ஹீரோ வந்து சேந்தது ரெண்டு மணிக்கு. அதுவரைக்கும் என்ன பண்றது? எந்திரிக்க விட்டா மாலை கலைஞ்சுடும், கன்டினியூட்டி போயிடும். அப்படியே கெடங்கன்னுட்டேன். சித்திரை வெயில்தான். என் உதவி டைரக்டர் சுகந்தின்னு ஒரு பொண்ணு, குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. "உன்னைக் குடை பிடிக்கவா வேலைக்கு வச்சேன்"னு விரட்டிவிட்டேன். சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் போயிட்டோம், அவரு மட்டும் கெடந்தாரு. தாடையைக் கட்டியிருந்துச்சு இல்ல, எப்படியும் அவரால சாப்பிட முடியாது.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? சினிமான்னா அப்படித்தான். நான் உதவி டைரக்டரா இருந்தப்ப எங்க டைரக்டர் என்னைக் கெணத்துக்குள்ள நாலு மணி நேரம் நிறுத்தி வச்சாரு. அவரு மேல எனக்கு இன்னைக்கும் மரியாதை இருக்கு.

ஹீரோ வந்தான், அவனுக்கு அழுகை வரல. கிளிசரின் போட்டும் வரல. பத்தொன்பது டேக். ஒவ்வொரு தடவையும் பொணத்து மேல விழுந்து நெஞ்சுல ரெண்டு கையாலயும் அடிச்சுக்கிட்டு அழணும். கிழவரோட நெஞ்சுல சார், அவன் நெஞ்சுல இல்ல. கிழவர் கண் இமை ஆடல, வயிறு ஏறி எறங்கல. மூச்சை எங்க வச்சிருந்தாரோ தெரியாது. பொணமா நடிக்கிறதுல அந்தாளை அடிச்சுக்க ஆளில்ல, அதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

ஆறு மணிக்கு ஓகே ஆச்சு. வெளிச்சம் போவுது. அடுத்து வில்லன் ஜீப் உள்ள நுழையுற ஷாட் ஒண்ணு பாக்கி. பாடையைத் தூக்குங்கடாங்கறேன், சுகந்தி வந்து குறுக்க நிக்குது. "சார், சிரிப்பு எடுக்கணும்."

உங்களுக்குத் தெரியாதுல்ல. எங்க தொழில்ல ஒரு வழக்கம். பொணமா யாரு நடிச்சாலும் அந்த சீன் முடிஞ்சதும் எந்திரிக்க வச்சு, கேமராவைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கச் சொல்லி எடுத்துருவோம். தோஷம் கழியுறதுக்கு. செத்ததாவே கேமராவுல முடிஞ்சிடக் கூடாதாம், உசுரோட எந்திரிச்சதும் பதிவாகணுமாம். எடுத்துட்டு பூசணிக்கா சுத்தி உடைச்சுடுவாங்க. அது படத்துக்கு இல்ல, சாமிக்கு எடுக்குற மாதிரி. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது. இந்த மோதிரமா? இது ஜோசியர் சொல்லிப் போட்டது, அது வேற.

"நாளைக்கு எடுத்துக்கலாம்"னேன். கிழவர் பாடையை விட்டு எறங்க மாட்டேங்குறாரு. தாடைக்கட்டை மட்டும் அவுத்துட்டு, "தம்பி, ஒரே ஒரு சிரிப்பு. வீட்டுல கேப்பா"ங்குறாரு. சரி, சனியன் ஒழியுதுன்னு கேமராவை ஓடவிட்டேன். எந்திரிச்சு உக்காந்தாரு. லென்சைப் பாத்தாரு. சிரிச்சாரு சார். எமன் வேஷக்காரன் மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு இருக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. என்னவோ பேசவும் செஞ்சாரு. நான் ஜீப்பு, லைட்டுன்னு கத்திக்கிட்டு இருந்தேன், காதுல வாங்கல.

அன்னைக்கு ராத்திரியே ஊருக்குப் போறேன்னாரு. "காலையில ஒரு குளோசப் பாக்கி இருக்கு, இருந்து முடிச்சுட்டுப் போங்க"ன்னேன். அவருகிட்ட போன் கெடையாது. "வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கட்டுமா தம்பி"ன்னு என் போனைக் கேட்டாரு. சார்ஜ் இல்லன்னுட்டேன். இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், ஆனா புரொடியூசர் கூப்புடுற நேரம். விடிஞ்சு லாட்ஜுல போயி கதவைத் தட்டினா தொறக்கல. ஹார்ட்டு. எழுவத்தி மூணு வயசு சார். டாக்டரே சொன்னாரு, வயசாச்சுன்னு.

அதோட என் படத்துக்குச் சனி புடிச்சுது. இன்னும் டப்பிங் பேசல அந்த மனுஷன்! செட்டுல பேசுறது படத்துல வராது சார். அது பைலட் சவுண்டு, சும்மா உதட்டுக்குப் பொருத்திப் பாக்குறதுக்கு. பின்னாடி தியேட்டர்ல வந்து பேசினாத்தான் குரல். என்ன பண்றது, ஷாஜகான்னு ஒரு மிமிக்ரிப் பையனை வச்சு, பொணம் சீன் போக மிச்ச மூணு சீனையும் பேச வச்சேன். கிழவர் சுமாரா இருபது குரல்ல பேசுவாரு, இவன் ஒரே குரல்ல பேசினான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். மாலையோட போனேன், பேப்பர்ல போட்டோவெல்லாம் வந்துச்சு. லோகநாயகியம்மா தனியா கூப்புட்டாங்க. வீட்டுல அவரு போட்டோ எல்லாமே எமன் வேஷம், கோரைப்பல்லு, கொம்பு. சும்மா சிரிச்ச மாதிரி ஒண்ணுகூட இல்ல. "கடைசியா சிரிப்பு எடுத்தாங்களாமே தம்பி, அதை ஒரு போட்டோவா போட்டுக் குடுங்க, மாலை போடணும். படத்துல மட்டும் போட்டுடாதீங்க, அது படத்துக்கு எடுத்தது இல்ல"ன்னாங்க. எங்கம்மா மேல சத்தியம்னு சொல்லிட்டு வந்தேன். அந்த நேரத்துக்கு மனசார சொன்னதுதான்.

இப்பதான் கூத்தே. எடிட்டிங்ல இருந்த பையன் அந்தச் சிரிப்பு ஷாட்டை வெட்டிப் போட மறந்துட்டான், அது கடைசி ரீல் வாலுல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. புரொடியூசர் நாகப்பனுக்குப் படம் போட்டுக் காட்டுறோம். மனுஷன் இடைவேளையிலேர்ந்து கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஹீரோ வில்லனைக் கொன்னுட்டு நடந்து போறான், படம் முடிஞ்சுது, திரை கறுப்பாவுது, டக்குனு பாடையிலேர்ந்து கிழவர் எந்திரிச்சு சிரிக்கிறாரு! நாகப்பன் சீட்டை விட்டே எந்திரிச்சுட்டாரு. "அடேய் ஜெயவேல்! அப்பன் சாகலையா? எல்லாம் அவன் போட்ட பிளானா? அப்ப ரெண்டாம் பாகம் இருக்குதா? இதையாடா இவ்ளோ நேரம் மறைச்சு வச்சே!" கட்டிப் புடிச்சுக்கிட்டாரு.

நீங்க என் எடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க? "இல்லீங்க, அது தோஷத்துக்கு எடுத்தது"ன்னா சொல்லுவீங்க? "உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதாண்ணே"ன்னேன். அன்னைக்கே ஷாஜகானைக் கூப்புட்டு அந்தச் சிரிப்புக்கு ஒரு டயலாக் போட்டோம். "ஆட்டம் இனிமேத்தான்டா." கிழவர் வாய் ஒரு பக்கம் போகும், டயலாக் ஒரு பக்கம் போகும். யாரு உத்துப் பாக்கப் போறான்னு விட்டுட்டோம்.

சுகந்தி அன்னைக்கே வேலையை விட்டுப் போயிட்டா. "சார், அந்தம்மாகிட்ட சத்தியம் பண்ணீங்க"ன்னா. போடி, உன்னை மாதிரி நூறு பேரு லைன்ல நிக்கிறான்னேன்.

ரிலீஸ் அன்னைக்குத் தியேட்டர்ல நான் பால்கனியில நின்னேன். பதினாலு சண்டைக்கும் ஒரு விசில் இல்ல. ஒருத்தன் கடலை உரிச்சுத் தின்ற சத்தம் எனக்குக் கேக்குது சார், அந்த அமைதி. கடைசியில கிழவர் எந்திரிச்சு சிரிச்சாரு பாருங்க, தியேட்டரே வெடிச்சுது. கைத்தட்டல்னு நெனைச்சுட்டேன். சிரிக்கிறானுங்க! விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க. "யோவ் தாத்தா, நீயாச்சும் தப்பிச்சியே"ன்னு ஒருத்தன் கத்துறான். மறுநாளே அந்த மூஞ்சியை வெட்டி மீம்ஸ் போட்டுட்டாங்க. போன கரண்டு வந்தா அந்தச் சிரிப்பு, லீவு விட்டா அந்தச் சிரிப்பு, மாமியார் ஊருக்குப் போனா அந்தச் சிரிப்பு. உங்க போனுக்கும் வந்திருக்கும், நீங்களும் நாலு பேருக்கு அனுப்பியிருப்பீங்க. பாத்தீங்களா, தலையைக் குனியுறீங்க! அந்தச் சிரிப்புதான் சார் என் படத்தைக் கொன்னுச்சு. அந்தாளு செத்தும் என்னை விடல.

ரிலீஸ் அன்னைக்கு விராலிமலைப் பக்கத்து ஆளுங்க வேன் வச்சு திருச்சி தியேட்டருக்கு வந்திருக்காங்க, லோகநாயகியம்மாவையும் கூட்டிக்கிட்டு. பொணம் சீன் வந்ததும் அந்தம்மா வழக்கம் போல கண்ணை மூடிடுச்சாம். மூடினது மூடினதுதான். இடைவேளைக்குக்கூட திறக்கலையாம். அவரு குரல் வந்தாத்தானே திறக்கணும்? கடைசியில எவனோ ஒருத்தன் "ஆட்டம் இனிமேத்தான்டா"ங்குறான், சுத்தி எல்லாரும் சிரிக்கிறான். அப்பவும் திறக்கலையாம். தியேட்டரைக் கூட்ட வந்த பொம்பளைதான் எழுப்பி வெளியில கூட்டிக்கிட்டு வந்துச்சாம். கூட வந்தவங்க அதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயி வேன்ல உக்காந்துட்டாங்களாம்.

கொஞ்ச நாள் கழிச்சு எனக்குப் போன் வருது. சண்டை போடுவாங்கன்னு பாத்தேன். போடல. "தம்பி, பொங்கலுக்கு என் அண்ணன் மகனே அதை வாழ்த்துன்னு அனுப்பியிருந்தான். சத்தத்தை நிறுத்திட்டுப் பாத்தேன். அவரு வாயைப் பாத்தா என் பேரைச் சொல்ற மாதிரி இருக்கு. சுகந்திப் பொண்ணைக் கேட்டேன், அன்னைக்குப் பேசின சத்தம் தனியா இருக்குமாமே. சிரிப்பைத்தான் ஊருக்கே குடுத்துட்டீங்க. குரலை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க தம்பி. எங்கிட்ட அவரு குரல் எதுலயுமே இல்ல." இவ்ளோதான் சொன்னாங்க. நானும் பாக்கலாம்னு சொல்லிட்டு மறந்துட்டேன். பதினெட்டு தடவை கூப்புட்டாங்க, பத்தொன்பதாவது தடவை நம்பரை பிளாக் பண்ணிட்டேன். அப்புறம் அந்தம்மாவுக்கு யாரோ எழுதிக் குடுத்து, டைரக்டர் சங்கத்துல என் மேல புகார் ஆயிடுச்சு.

இப்ப எனக்கு ஒரு புது புரொடியூசர் கெடைச்சிருக்காரு சார். கதை ஓகே. கிரைம்தான், ஆக்‌ஷன்தான். ஆனா ஒரே கண்டிஷன். "அந்தக் கெழவி வாயால உன் மேல எந்த வருத்தமும் இல்லன்னு ஒரு வீடியோ எடுத்துட்டு வா, மறுநாளே படத்துக்கு ஆபீஸ் போட்டு வேலையை ஆரம்பிச்சுடலாம்"னுட்டாரு. ரெண்டு வருஷமா சும்மா உக்காந்திருக்கேன். எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க.

சரி, கேட்ட குரலைக் குடுத்துடுவோம்னு சவுண்டு பாக்குற அல்போன்ஸைப் புடிச்சு பைலட்டைத் தேடி எடுத்தேன். ரெண்டு பேரும் உக்காந்து கேட்டோம். கிழவர் குரல் இருக்கு. "லோகா, எந்திரிச்சுட்டேன், கண்ணைத் திற." அப்படியே இருக்கு சார். ஆனா அது மேலயே நான். "சீக்கிரம் சிரிச்சுத் தொலைய்யா, லைட்டு போவுது." அப்புறம் அவரு, "தம்பி, கொஞ்சம் தண்ணி. காலையிலேர்ந்து நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு." அது மேலயும் நான். "பொணத்துக்கு எதுக்குய்யா தண்ணி? யாராவது இந்தாளை இழுத்து ஓரமா போடுங்கடா." சுத்தி நின்னவங்க சிரிக்கிற சத்தம் வேற. சும்மா ஜாலிக்கு சொன்னது சார்! செட்டுன்னா அப்படித்தான் பேசுவோம். ஆனா வெளியில கேக்குறவன் எப்படி எடுத்துப்பான்?

அல்போன்ஸ் ஹெட்போனைக் கழட்டி மேசையில வச்சுட்டு என்னையே பாக்குறான். "என் குரலை மட்டும் எடுத்துடு"ன்னேன். "உங்க குரலுக்கு அடியிலதான் சார் அவரு குரல் இருக்கு. உங்களை எடுத்தா அவரும் போயிடுவாரு"ன்னான். போனா போகட்டும், மொத்தமா அழிச்சுடுன்னேன். அவன் கையை வைக்கல. நானே அழிச்சேன். அதையெல்லாம் வச்சிருந்தா நாளைக்கு எவன் கையிலயாவது மாட்டும்.

பயப்படாதீங்க, அந்தம்மாவை நான் ஏமாத்தல. இதோ பாருங்க பென் டிரைவ். ஷாஜகானைக் கூப்புட்டேன், வந்தான். "லோகா, எந்திரிச்சுட்டேன், கண்ணைத் திற." ரெண்டே டேக். எதுக்குண்ணேன்னு கேட்டான், விளம்பரத்துக்குன்னேன். முன்னாடி லேசா ஒரு இருமல் சேத்திருக்கான், பின்னாடி ஒரு காக்கா சத்தம் போட்டிருக்கோம், வாசல்ல எடுத்த மாதிரி. எனக்கே வித்தியாசம் தெரியல. கேக்குறீங்களா? வேணாமா? சரி.

அந்தம்மாவுக்கு வேண்டியது ஒரு நிம்மதி. எனக்கு வேண்டியது ஒரு வீடியோ. இதுல யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்க? நீங்க ஏன் ஜன்னல் பக்கமே ஒட்டிக்கிறீங்க? எடம் பத்தலையா, நான் வேணா தள்ளி உக்காருறேன்.

அட, வந்துடுச்சு, வந்துடுச்சு, அங்க பாருங்க! ஹீரோ நடந்து போறான் பாருங்க. இப்ப கறுப்பாவும். ஆங், எந்திரிச்சுட்டாரு. கேக்குதா? பஸ்ஸே சிரிக்குது! டிரைவர்கூட சிரிக்கிறாரு கண்ணாடியில. பின்சீட்டுல கைக்குழந்தை வச்சிருக்கே அந்தப் பொண்ணுகூட. பதினாலு சண்டைக்கும் கொறட்டை விட்டுட்டு இதுக்கு மட்டும் முழிச்சுக்கிறானுங்க. நீங்க சிரிக்கலையே? நல்லவர் சார் நீங்க, முதல்லயே நெனைச்சேன்.

கண்டக்டர், விராலிமலை ஒண்ணு எறக்கம்!

சார், ஒரே ஒரு உதவி. வீடு ரோட்டுலேர்ந்து பத்து நிமிஷம்தான். நீங்களும் எறங்கி வாங்களேன். மதுரைக்கு அடுத்த பஸ் பின்னாடியே வரும். நானே வீடியோ எடுத்தா நானே எடுத்த மாதிரி தெரியும், வேற ஆளு எடுத்தாத்தான் நம்புவாங்க. வேற ஒண்ணும் இல்ல, என் போனைப் புடிச்சுக்கிட்டு நின்னாப் போதும். அந்தம்மாவைக் கட்டில்ல உக்கார வச்சு, கண்ணை மூடிக்கச் சொல்லிடுவேன். நாப்பது வருஷப் பழக்கம், சொன்னா உடனே மூடிடுவாங்க. அப்புறம் இதைப் போட்டு விடுவேன். "லோகா, எந்திரிச்சுட்டேன், கண்ணைத் திற." அந்த எடம்தான் சார் முக்கியம், ரெண்டாவது டேக் கெடையாது. அவங்க கண்ணைத் திறக்குற நேரத்துல மட்டும் உங்க கை ஆடாமப் பாத்துக்குங்க.